நீலப் புள்ளிக்கு ஒரு நன்றிக் கடிதம்

மேன்மை தங்கிய குடிநீர் ஆதார வரைபடப் பிரிவின் சமூகத்துக்கு,

எங்கள் ஊரில் ஒன்பது இடத்தில் தண்ணீர் கிடைக்கிறது என்பதை உங்கள் வரைபடத்தின் நீலப் புள்ளிகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். இது தெரியாமல் எங்கள் வீட்டுப் பெண்கள் இவ்வளவு காலமும் குடத்தோடு வயக்காட்டு மோட்டாரைத் தேடிப் போய்க்கொண்டிருந்தார்கள். அறியாமைதான், மன்னிக்கவும்.

கணக்கெடுக்க வந்த தம்பி தங்கமான பிள்ளை. மாரியம்மன் கோயில் அடிபம்பின் முன்னால் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிக்னலுக்காக வெகுநேரம் நின்றார். அந்தப் பம்புக்குக் கைப்பிடி கிடையாது. படத்தில் பயனாளி ஒருவர் இருந்தாக வேண்டுமாம். அந்த வழியாகப் போன பாட்டியை நிறுத்தி, “அடிக்கிற மாதிரி நில்லுங்க ஆத்தா” என்றார். “எதைய்யா அடிக்கிறது?” என்று கேட்டாலும், பாட்டி பெரிய மனது பண்ணி வெறுங்காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். படம் பிரமாதமாக வந்திருக்கிறது.

‘இயங்குகிறதா?’ என்று ஒரு கட்டம். ‘இல்லை’ என்று தட்டினால் காரணம் கேட்டு வரிசையாக இன்னும் பல கட்டங்கள் திறக்கும். ‘ஆம்’ என்று தட்டினால் அடுத்த குழாய்க்குப் போய்விடலாம். வெயிலோ ஏறிக்கொண்டிருந்தது. தம்பியை நான் குறை சொல்லவே மாட்டேன்.

பம்பையும் குறை சொல்லக் கூடாது. 1970களில் யுனிசெஃப் துணையோடு உருவாகி, கோவை வட்டாரத்தில் சோதித்துப் பார்த்த இந்தியா மார்க் 2 வகை அது. ஐம்பது மீட்டர் ஆழத்துக்குள் தண்ணீர் நின்ற காலத்து மிஷின். எங்கள் ஊர் போர்வெல்கள் அந்த ஆழத்தை எப்போதோ தாண்டிவிட்டன. நாளைக்கே புதுக் கைப்பிடி மாட்டினாலும் காற்றுதான் வரும். பாட்டி முன்கூட்டியே சரியாகத்தான் பிடித்திருக்கிறார்.

இனி உங்கள் கணக்குக்கு வருகிறேன். 250 பேருக்கு ஓர் அடிபம்பு, ஆளுக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர், சமவெளியென்றால் 1.6 கிலோமீட்டருக்குள் ஓர் ஆதாரம் என்பது பழைய விதி. 2019-ல் ஜல் ஜீவன் திட்டம் வந்து, வீட்டுக்கே குழாய், ஆளுக்கு 55 லிட்டர் என்றானது. விதி மாறினாலும் வகுத்தல் மாறவில்லை. எங்கள் ஜனத்தொகையை ஒன்பது புள்ளியால் வகுத்துப் பார்த்தால் நாங்கள் தண்ணீரில் மிதக்கிறோம். அதனால்தான் கூட்டுக் குடிநீர்க் குழாயில் எங்களையும் சேர்க்கக் கேட்ட மனு, ‘போதிய ஆதாரம் உள்ளது’ என்ற குறிப்போடு திரும்பி வந்துவிட்டது. செத்த பம்புகள் எங்கள் பங்கையும் சேர்த்துக் குடித்துவிட்டன.

2002-ல் மலாவியில் வாட்டர்எய்டு அமைப்பு இதே மாதிரி வரைபடம் போடத் தொடங்கியபோது, எந்தப் பகுதிக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை என்று பார்க்கத்தான் போட்டார்களாம். வெள்ளந்தி மனிதர்கள். எந்த ஊருக்கெல்லாம் கொடுக்க வேண்டியதில்லை என்று பார்க்கவும் அது உதவும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

நான்காம் புள்ளியும் ஐந்தாம் புள்ளியும் உங்கள் வரைபடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. நான்கில் காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். ஐந்தில் வராது. கிழக்குத் தெருப் பெண்கள் நான்கைக் கடந்து போய் ஐந்தில்தான் குடம் வைக்க வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகையை ஆறு தசமம் வரை குறித்திருக்கிறீர்கள். யார் குடம் வைக்கலாம் என்று குறிக்க அந்தச் செயலியில் ஒரு கட்டமும் இல்லை.

தம்பியை மறுபடி அனுப்புவதென்றால் மார்கழியில் வேண்டாம். கார்த்திகை மழை முடிந்த கையோடு வந்தால் கல்லில்கூடத் தண்ணீர் கசியும். சித்திரையில் அனுப்புங்கள். டேங்க் ஆபரேட்டருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அவரோடு உட்காரச் சொல்லுங்கள். எந்த வால்வு எந்தக் கிழமை, எவ்வளவு நேரம் திறக்கும் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அவரை இதுவரை யாரும் கேட்டதில்லை.

இப்படிக்கு,
கடைசிக் குழாய்த் தெருவாசி

பின்குறிப்பு: ஏழாம் புள்ளி ஊராட்சித் தலைவர் வீட்டு மதிலுக்குள் விழுந்திருக்கிறது. அது பிழையல்ல, அழித்துவிடாதீர்கள். ஊரிலேயே அங்கேதான் எந்நேரமும் தண்ணீர் வருகிறது. கேட் எப்போது திறக்கும் என்று மட்டும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.