பெட்டிக்குள் ஏழு பதார்த்தங்கள்: இறக்குமதித் தடை குறித்த ஒரு தருக்க ஆராய்ச்சி

1. ஆராய்ச்சியின் நோக்கமும் முறையும்

கடல் கடந்து வரும் பண்டங்களுள் எவை நாட்டுக்குள் நுழையலாம், எவை நுழையலாகா என்னும் வினாவுக்கு இந்திய அரசு 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தாலும், 1992ஆம் ஆண்டின் வெளிநாட்டு வர்த்தகச் சட்டத்தாலும், தில்லியிலிருந்து இயங்கும் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம் அவ்வப்போது வெளியிடும் அறிவிப்புகளாலும் விரிவாக விடை கூறியிருக்கிறது. ஆயினும் அவ்விடைகளுக்கு அடியில் கிடக்கும் மெய்யியல் வினா, அதாவது தடை என்பது பண்டத்தின் எப்பகுதியில் குடியிருக்கிறது என்பது, உரிய கவனத்தைப் பெறவில்லை. சுங்க அதிகாரிக்கு அதைக் கேட்க நேரமில்லை, பயணிக்குத் துணிவில்லை, தருக்க நூலாருக்கோ வெளிநாட்டுப் பயணம் வாய்ப்பது அரிது.

இக்குறையை நீக்க முற்படும் இவ்வாராய்ச்சி, வைசேடிக மரபின் பதார்த்தப் பகுப்பைக் கருவியாகக் கொள்கிறது. பதார்த்தம் என்பது அறியவும் சொல்லவும் தக்க எதையும் குறிக்கும் பெயர். அம்மரபின் முதலாசிரியர் கணாதர் வகுத்த ஆறனோடு பின்வந்தோர் இன்மையையும் சேர்க்க, பொருள், குணம், கருமம், பொதுமை, சிறப்பு, சமவாயம், இன்மை என அவை ஏழாயின. அன்னம்பட்டர் வடமொழியில் செய்த தருக்கசங்கிரகத்தைச் சிவஞான முனிவர் தமிழாக்கியதால் இப்பகுப்பு தமிழ் மாணாக்கருக்கும் பழகியதே. இவ்வேழனையும் இந்திரா காந்தி விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்தில் உருண்டு வரும் பெட்டியொன்றினுள் வைத்து, தடை எங்கே அகப்படுகிறது என்று தேடுவதே இக்கட்டுரையின் வேலை.

2. பொருள்

தடை பொருளிலேயே உள்ளது என்பது பாமரர் கொள்கை. அபினியும் யானைத் தந்தமும் அதற்கு வலுச் சேர்ப்பன. ஆனால் 2022 பிப்ரவரி 9 அன்று டிரோன் எனப்படும் ஆளில்லாப் பறக்கும் கருவிகளின் இறக்குமதியைத் தடைசெய்த அறிவிப்பு, இக்கொள்கையைப் பெருஞ்சிக்கலுக்கு உள்ளாக்கியது. ஆராய்ச்சி, பாதுகாப்பு முதலிய சில தேவைகளுக்கு விலக்களித்த அவ்வறிவிப்பின்படி, முழுதும் கோத்து வந்தாலும், பாதி பிரித்து வந்தாலும், முற்றும் பிரித்து வந்தாலும் டிரோனுக்குத் தடையுண்டு. உதிரிப்பாகங்களாக வந்தாலோ தடையில்லை. முழுமை என்பது உறுப்புகளின் கூட்டம் மட்டுமே என்று பௌத்தரும், உறுப்புகளின் வேறான புதியதொரு பொருள் என்று நியாய மரபினராகிய நையாயிகரும் பல நூற்றாண்டுகள் வாதிட்ட வழக்கு ஒன்றுண்டு. முற்றும் பிரிந்து கிடக்கும் குவியலினுள்ளும் டிரோன் என்னும் முழுமை அழியாது நிற்கிறது என்று கொண்டதன் மூலம், நையாயிகரே துணியாத எல்லைக்கு இயக்ககம் சென்றுவிட்டது. ஒரே விசிறியும் ஒரே மோட்டாரும் ஒரு பெட்டியில் குற்றமாகவும் மறு பெட்டியில் சரக்காகவும் அமைவதால், தடை பொருளில் இல்லை என்பது பெறப்படும்.

3. குணம்

குணங்கள் இருபத்து நான்கு என்பர். அவற்றுள் எண், அளவு, எடை ஆகிய மூன்றே சுங்கத் துறைக்கு உகந்தவை. 2016ஆம் ஆண்டின் பயணச்சுமை விதிகள் சிகரெட்டு நூறு வரையும், மது இரண்டு லிட்டர் வரையும் தீர்வையின்றிக் கொண்டுவர இடமளித்தன. நூற்றோராவது சிகரெட்டு மற்ற நூற்றினின்றும் புகையால் வேறுபடுவதன்று, எண்ணால் மட்டுமே வேறுபடுவது. 2023 ஆகஸ்டு 3 அன்று மடிக்கணினி இறக்குமதிக்கு உரிமம் வேண்டுமென அறிவிக்கப்பட்டு, மறுநாளே அது நவம்பருக்குத் தள்ளிவைக்கப்பட்டபோதும், தனியொருவர் வரவழைக்கும் ஒற்றைக் கணினிக்கு விலக்கு இருந்தது. ஒருமை அறம், பன்மை ஐயம் என்பது இதன் சாரம்.

எனினும் குணங்கள் தமக்குள் பூசலிடும் இடமும் உண்டு. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்து திரும்பும் ஆடவர் இருபது கிராம் தங்க நகையைத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம் என்று கூறிய அதே விதி, அதன் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மிகலாகாது என்றும் கூறியது. ஒரு கிராம் தங்கம் 7,000 ரூபாயைத் தாண்டிய 2024ஆம் ஆண்டில் அத்தொகைக்கு ஏழு கிராமே தேறியது. எஞ்சிய பதின்மூன்று கிராம், விதியில் இருந்தும் கழுத்தில் இருக்கவியலாத ஒருவகைத் தங்கமாயிற்று.

4. கருமம்

கருமம் என்பது இயக்கம். அதன் ஐவகையுள் செல்லுதல் என்பதே இங்கு வேண்டப்படுவது. அதனினும் எத்திசையில் செல்லுதல் என்பது முதன்மையானது. பழந்தில்லியின் காரி பாவ்லிச் சந்தையில் கசகசா சாக்குகளில் குவிந்து கிடக்கிறது. குருமாவுக்குக் கெட்டித்தன்மை தருவதன்றி அது செய்யும் குற்றம் யாதும் இல்லை. அதே விதை ஐக்கிய அரபு அமீரகத்தை நோக்கிச் செல்லும் பெட்டியில் ஏறினால் போதைப் பொருளாகி, கொண்டுசெல்பவரைச் சிறைக்கு அனுப்ப வல்லதாகிறது. வெளிநாட்டிலிருந்து இந்தியா நோக்கி வணிகச் சரக்காக வந்தாலோ, அது சட்டப்படி பயிரிடப்பட்ட செடியின் விதை என்னும் சான்றையும், குவாலியரில் உள்ள மத்திய போதைப்பொருள் பணியகத்தின் பதிவையும் கேட்கிறது. நிற்கையில் மசாலா, போகையில் குற்றம், வருகையில் விண்ணப்பம் என மூன்று நிலை எய்தும் இவ்விதை, தடையானது இயக்கத்தைப் பற்றி வரும் என்னும் கொள்கைக்குச் சான்றாகும்.

5. பொதுமையும் சிறப்பும்

பசுக்கள் பலவற்றிலும் பசுத்தன்மை ஒன்றாய் நிற்பதுபோல், தடைசெய்யப்பட்ட பண்டங்கள் அனைத்திலும் நிற்கும் பொதுமை யாது என்று தேடுவோர், சுங்கச் சட்டத்தின் இரண்டாம் பிரிவில் முப்பத்து மூன்றாம் உட்பிரிவை அடைவர். எந்தச் சட்டத்தாலேனும் தடைக்கு உள்ளானவை தடைப்பண்டங்கள் என்றும், அனுமதிக்கான நிபந்தனைகள் நிறைவேறியவை அவற்றுள் அடங்கா என்றும் அது வரையறுக்கிறது. இதனால் நிபந்தனை பிழைத்த பண்டமும் தடைப்பண்டமே என்று, தில்லி சுங்க ஆணையர் தரப்பாக நின்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2003இல் தெளிவாக்கியது. எனவே கட்டுப்படுத்தப்பட்டது, தடைசெய்யப்பட்டது என்னும் இரண்டும், முன்னது உரிமம் பெற்றால் வருவது, பின்னது வரவே ஒண்ணாதது எனப் பட்டியலில் வேறாயினும், படிவத்தை நிரப்பத் தவறியவருக்கு ஒன்றே.

சிறப்பு என்பது எல்லாவகையிலும் ஒத்த இரண்டைப் பிரித்துக் காட்டுவது. இந்தியாவின் வெளியெல்லையைத் தவறாகக் காட்டும் நிலப்படங்களுக்கு இறக்குமதித் தடை உண்டு. நிறத்தாலும் விலையாலும் சுழற்சியாலும் ஒத்த இரண்டு உலக உருண்டைகளுள் ஒன்று குழந்தையின் மேசைக்கும் மற்றொன்று பறிமுதல் அறைக்கும் செல்வதற்கு, காஷ்மீரத்தின் வடக்கே ஓடும் மயிரிழைக் கோடொன்றே போதும்.

6. சமவாயம்

சமவாயம் என்பது பிரிக்க இயலாத உறவு. நூலுக்கும் ஆடைக்கும் உள்ளது அத்தகையது. சையோகம் என்பது வெறும் ஒட்டுறவு. மேசைக்கும் அதன்மேல் வைத்த புத்தகத்துக்கும் உள்ளது. இவ்விரண்டையும் வேறுபடுத்தும் பணியைத் தற்காலத்தில் மிக நுட்பமாகச் செய்தது, 2019 டிசம்பரில் அன்பளிப்புகள் குறித்து இயக்ககம் வெளியிட்ட அறிவிப்பே.

அதுவரை வெளிநாட்டிலிருந்து அஞ்சலிலோ கூரியரிலோ வரும் அன்பளிப்புக்கு ஒரு மதிப்பு வரம்புக்குள் தீர்வை விலக்கு இருந்தது. இணைய வணிகத் தளங்கள் சில தாம் விற்ற சட்டைக்கும் காலணிக்கும் அன்பளிப்பு என்று சீட்டு ஒட்டி அனுப்பலாயின. முன்பின் அறியாத இந்தியர் பலர்மீது கடல்கடந்த பாசம் இவ்வாறு பெருகியதைக் கண்டு ஐயுற்ற அரசு, அன்பளிப்பு என்னும் பெயரில் விலக்குக் கோரி வரும் பண்டங்களைத் தடைசெய்தது. முழுத் தீர்வையும் செலுத்தினால் அன்பளிப்பு வரலாம் என்பதும் தெளிவாக்கப்பட்டது. ஆகவே அன்பு தடைசெய்யப்படவில்லை, கணக்கில் சேர்க்கப்பட்டது என்பதே சரியான பொருள்.

இத்தடைக்கு இரண்டு விலக்குகள் இருந்தன: உயிர் காக்கும் மருந்துகள், ராக்கி. வட இந்தியாவில் ஆவணி மாதப் பௌர்ணமியையொட்டி உடன்பிறந்தாளால் உடன்பிறந்தான் மணிக்கட்டில் கட்டப்படும் காப்புக் கயிறே ராக்கி. அறிவிப்பு அத்தோடு நில்லாது, ராக்கிக்கு விலக்குண்டு, ராக்கி தொடர்பான அன்பளிப்புகளுக்கு இல்லை என்றும் வரையறுத்தது. பிற்பாடு, செலுத்த வேண்டிய தீர்வை நூறு ரூபாய்க்கு மிகாதபோது அதை வசூலிக்க வேண்டியதில்லை என்னும் சுங்கச் சட்டத்தின் இருபத்தைந்தாம் பிரிவும் இதனுடன் இணைத்துக் காட்டப்பட்டது. இதன் தருக்கப் பயன் பெரிது. உடன்பிறப்புக்கும் கயிற்றுக்கும் உள்ளது சமவாயம்; உடன்பிறப்புக்கும், கயிற்றோடு வரும் சாக்லேட்டு, சட்டை, கைக்கடிகாரம் ஆகியவற்றுக்கும் உள்ளது சையோகம். தில்லி கோட்லா சாலையின் வெளிநாட்டு அஞ்சலகத்தில் டொராண்டோவிலிருந்து வந்த உறையைப் பிரிக்கும் மதிப்பீட்டாளர், கயிற்றை ஒருபுறமும் முந்திரிக் கத்லியை மறுபுறமும் வைக்கும்போது, கணாதர் மாணாக்கர் நூல்களில் செய்ததையே கைகளால் செய்கிறார். கற்களும் சரிகையும் பதித்த ராக்கியில் கயிறு எங்கே முடிந்து அன்பளிப்பு எங்கே தொடங்குகிறது என்பது மட்டும் இன்னும் உரை வேண்டி நிற்கிறது.

7. இன்மை

ஏழாவது பதார்த்தத்துக்கு இவ்வாராய்ச்சியில் தலைமை இடம் உண்டு. சல்மான் ருஷ்டியின் 'சாத்தானின் வேதங்கள்' நாவல் 1988 செப்டம்பர் 26 அன்று பிரிட்டனில் வெளிவந்தது. ஒன்பதே நாளில், அக்டோபர் 5 அன்று, இந்திய நிதியமைச்சகம் சுங்கச் சட்டத்தின்கீழ் அதன் இறக்குமதியைத் தடைசெய்தது. நாவலைக் கொண்டுவர விரும்பிய வாசகர் ஒருவர் 2019இல் தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகி அவ்வறிவிப்பை எதிர்த்தார். அறிவிப்பின் எண் தெரிந்திருந்தது, நாளும் தெரிந்திருந்தது. அறிவிப்பு மட்டும் அகப்படவில்லை. அரசுத் தரப்பில் எவராலும் அதைக் காட்ட இயலாமையால், அப்படியோர் அறிவிப்பு இல்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது என்றும், இல்லாததன் செல்லுபடியை ஆராய இயலாது என்றும் கூறி 2024 நவம்பர் 5 அன்று நீதிமன்றம் வழக்கை முடித்தது. டிசம்பரில் அந்நூல் கான் மார்க்கெட்டின் பாரிசன்ஸ் புத்தகக் கடையில் விற்பனைக்கு வந்தது.

இன்மை நால்வகைப்படும். தோன்றுமுன் இல்லாதிருத்தல் முன்னின்மை; அழிந்தபின் இல்லாதிருத்தல் அழிவின்மை; முக்காலத்தும் இல்லாதிருத்தல் முழுதின்மை; ஒன்று மற்றொன்றாக இல்லாதிருத்தல் ஒன்றினொன்று இன்மை. அறிவிப்பு ஒருகாலத்தில் இருந்து பின் கரையானுக்கோ கட்டட மாற்றத்துக்கோ இரையானது எனின் அஃது அழிவின்மை. நீதிமன்றத்தின் கொள்கையோ முழுதின்மையை ஒட்டியது. அங்ஙனமாயின் முப்பத்தாறு ஆண்டுகள் அந்நூலைக் கரையேற விடாது தடுத்தது யாது என்னும் வினா எழும். இருக்கும் என்ற நம்பிக்கையே தடுத்தது என்பதன்றி வேறு விடையில்லை. அலுவலகத்தில் எஞ்சியுள்ள ஒவ்வொரு கோப்பும் அந்தக் கோப்பு அன்று என்ற அளவில் ஒன்றினொன்று இன்மையும் குறைவின்றி நிறுவப்பட்டது.

8. முடிபுகள்

மேற்கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். முதலாவது, தடை பண்டத்தில் குடியிருப்பதன்று. எண், திசை, கோடு, உறவு, தாள் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றில் தற்காலிகமாகத் தங்குவது. சுங்கச் சட்டத்தின் நூற்றிருபத்தைந்தாம் பிரிவின்கீழ்ப் பறிமுதலுக்கு மாற்றாகத் தண்டம் செலுத்திப் பண்டத்தை மீட்கும் வாய்ப்பை, தடைப்பண்டமாயினும் அதிகாரி விரும்பினால் அளிக்கலாம் என்பதால், அது பணத்தால் வெளியேற்றவும் தக்கது. இரண்டாவது, தடை விதிக்கும் அரசு தடைத்தாளின் நகலொன்றைத் தனியே வைத்திருத்தல் நலம். பண்டம் தொலைந்தால் பண்டமே தொலையும், தாள் தொலைந்தால் தடையே தொலையும்.

மூன்றாவது பயணிக்கு உரியது. தீர்வைக்குரிய எதுவும் தம்மிடம் இல்லை என்போர் பச்சை வழியாகவும், உண்டு என்போர் சிவப்பு வழியாகவும் செல்க என்று மூன்றாம் முனையம் வகுத்திருக்கிறது. பெட்டியில் தடைசெய்யப்பட்டது ஏதேனும் உண்டா என்று வினவப்படும்போது, பொருள் என் பெட்டியில் உண்டு, தடை தங்கள் பட்டியலில் உண்டு, இரண்டும் கூடுமா என்பதைத் தாங்களே சொல்ல வேண்டும் என்பதே தருக்கப்படி குற்றமற்ற விடையாகும். அவ்விடையைக் கூறிய பயணி சென்னைக்குச் செல்லும் இணைப்பு விமானத்தைத் தவறவிட நேர்ந்தால் அதற்குக் கணாதர் பொறுப்பாகார்.