பிரிண்டரில் சிக்கிய காகிதம்

கேள்வி: விற்றால் கோடி சேரும் மென்பொருளை, 'எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றிக்கொள்ளுங்கள்' என்று ஊருக்கே கொடுத்த ரிச்சர்ட் ஸ்டால்மேன், பிழைக்கத் தெரியாதவரா?

பதில்: பிழை திருத்தத் தெரிந்தவர்!

அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் அவர் வேலை பார்த்தபோது, பிரிண்டர் இருந்தது வேறொரு மாடியில். காகிதம் சிக்கினால், காத்திருப்பவர்களின் திரையில் தகவல் வரும்படி அதன் நிரலை மாற்றி வைத்தார். பிறகு புது லேசர் பிரிண்டர் வந்தது; மூல நிரல் வரவில்லை. அதை வைத்திருந்தவரைத் தேடிப் போய்க் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று ஒப்பந்தம் போட்டிருந்த அவர் கையை விரித்துவிட்டார். சக மனிதருக்கு உதவவிடாத ஒப்பந்தம் தவறு என்று ஸ்டால்மேனுக்கு உறைத்தது அங்கேதான்.

அதனால், யாரும் மாற்றிக்கொள்ளக்கூடிய மென்பொருளை உருவாக்கும் க்னூ திட்டத்தை 1983-ல் அறிவித்தார். 1984-ல் வேலையை விட்டார். 1989-ல் வந்த அவருடைய ஜிபிஎல் உரிமத்தின்படி நிரலைப் படிக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். வாங்குபவருக்கும் அதே உரிமையைத் தந்தாக வேண்டும். 1992 முதல், இயங்குதளத்தின் இதயமாகச் செயல்படும் லினக்ஸ் கருநிரலும் அந்த உரிமத்தின்கீழ்தான் வருகிறது. உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவது அந்த லினக்ஸ்தான்.

காசு வாங்குங்கள், கதவைப் பூட்டாதீர்கள் என்பதே அவர் கட்சி. என் ஓட்டும் அதற்கே!