குனிந்தவன் கண்ட ஐப்பசி

மழை நாளில் வானத்தைப் பார்த்து நிற்பவனை நம் ஊரில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். தரையைப் பார்த்துக் குனிந்து நிற்பவனை மட்டும் கேட்காமல் விட மாட்டார்கள். "என்ன சார் தொலைச்சீங்க?" என்று முதலில் வாட்ச்மேன் வருவார். அடுத்து, பால் வாங்கப் போகிறவர் நிற்பார். "சாவியா, மோதிரமா?" மரவட்டையைப் படம் பிடிக்கிறேன் என்று சொல்ல வாய் வருமா? "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்பேன். சும்மா என்று மழுப்பினால் தொலைந்தது தங்கம்தான் என்று அவர்களே முடிவுகட்டி, ஆளுக்கொரு பக்கம் தேட ஆரம்பித்துவிடுவார்கள். இத்தனை செருப்பைக் கண்ட மரவட்டை சுருண்டுகொள்ளும். உடனே ஒருவர் குரல் கொடுப்பார்: "அதோ கிடக்கு பாருங்க, ரெண்டு ரூபா!"

அக்டோபர் பிறந்தால் போதும், வெளிநாட்டு உறவினர்கள் சிவந்த மேப்பிள் இலையும் அதன்மேல் ஒரு மழைத்துளியுமாக வாட்ஸ்அப்பை நிரப்பிவிடுகிறார்கள். அங்கே பகல் குறுகி, குளிர் ஏற ஏற, இலையின் பச்சையம் சிதைகிறது. அதுவரை அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே வருகிறது. சிவப்பு அந்தச் சமயத்தில்தான் புதிதாக உண்டாகிறது. நமக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. நம் வேம்பும் புங்கும் இலையைக் கொட்டுவது மாசி, பங்குனியில். அப்போது கிடைப்பது சருகும் வெயிலும்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு வடகிழக்குப் பருவமழை. சென்னைக்கு ஆண்டு முழுக்கக் கிடைக்கும் சுமார் 1,400 மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடும்.

ஆனால் உதிர்வதற்கு இங்கேயும் ஆள் உண்டு. பவழமல்லி இரவில் பூத்து, விடிவதற்குள் உதிர்ந்து கிடக்கும். பூ பெரும்பாலும் குப்புறத்தான் விழும். ஈரச் சிமெண்டில் வெள்ளை இதழ் ஒட்டிக்கொள்ள, ஆரஞ்சுக் காம்பு மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அதைவிட விசேஷம் ஈசல். முந்தின நாள் மழை விட்டதும் புற்றிலிருந்து கிளம்பி, ட்யூப்லைட்டைச் சுற்றி ஓர் ஆட்டம் போட்டு, தரையிறங்கியதும் நாலு இறகையும் அடியோடு முறித்துப் போட்டுவிட்டு ஜோடியோடு நடையைக் கட்டிவிடும். காலையில் வராந்தா முழுக்க இறகு. கேமராவை நெருக்கமாகக் கொண்டுபோனால் ஒவ்வொன்றிலும் மெல்லிய பழுப்பு நரம்புகள். ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் அழுத்தமான நிறம். மேப்பிள்காரர்கள் பார்த்தால் பொறாமைப்படுவார்கள். ஆனால் என் பின்னால் துடைப்பம் தயாராக நிற்கும்.

"எடுத்தாச்சா? கூட்டலாமா?"

"ஒரு நிமிஷம் இரு."

"நம்ம பொண்ணு பொறந்த நாளைக்குக்கூட நீங்க இப்படி மண்டி போட்டுப் படம் எடுத்ததில்ல."

படம் எடுக்க மழை நாள் நல்ல நாள்தான். மேகம் வெயிலை வடிகட்டி நிழலைக் கரைத்துவிடுகிறது. நனைந்த இலைக்கும் பட்டைக்கும் நிறம் கூடிவிடுகிறது. தொல்லையெல்லாம் நமக்குக் கடவுள் கொடுத்த கைகள் இரண்டே என்பதில் இருக்கிறது. போனுக்கு இரண்டு கையும் வேண்டும். ஆகவே குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொள்ள வேண்டும். அவ்வளவு கிட்டே போனால் படத்தில் தெளிவாக விழுவது சில மில்லிமீட்டர் ஆழம்தான். காற்றடித்தால் பூ நகரும். மூச்சு விட்டால் நான் நகர்வேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது குடை விளிம்பிலிருந்து ஒரு சொட்டு திரையில் விழும். தொடுதிரைக்கு விரலும் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான்; இரண்டுமே மின்சாரம் கடத்தும். சொட்டு விழுந்த இடம் முன்பக்கக் கேமராவுக்கு மாறும் பொத்தான் என்றால், பவழமல்லி இருந்த இடத்தில் என் மூக்குத் துவாரங்கள் பிரமாண்டமாக வந்து நிற்கும்.

இதையெல்லாம் தாண்டி ஒரு நல்ல படம் அமைந்தது. செம்பருத்தி இலையின் நுனியில் விழலாமா வேண்டாமா என்று தொங்கிய ஒரு துளி. தொங்கும் துளி ஒரு குட்டி லென்ஸ். பின்னால் இருப்பதைத் தலைகீழாகத் தனக்குள் காட்டும். எனக்கு ஒரே பூரிப்பு. மறுநாள் மூன்றாம் மாடிக்காரர் கதவைத் தட்டினார். ஓய்வுபெற்ற அதிகாரி, எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரும் அவரே.

"எங்க வீட்டு பால்கனிய போட்டோ எடுத்தீங்கன்னு சொல்றாங்களே?"

"ஐயோ, இல்லவே இல்ல சார். வெறும் மழைத்துளி. நீங்களே பாருங்க."

போனை வாங்கினார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். இரண்டு விரலால் துளியைப் பெரிதாக்கினார். உள்ளே மூன்றாம் மாடி பால்கனி பளிச்சென்று தெரிந்தது. கம்பி, கொடி, கொடியில் அவருடைய பட்டாபட்டி டிராயர். கோடுகளை எண்ணிவிடலாம், அவ்வளவு துல்லியம். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் வெகுநேரம் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"எடுத்ததுதான் எடுத்தீங்க, நேரா எடுத்திருக்கக் கூடாதா?"

அன்று முதல் நான் சங்கத்தின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரன். மொட்டைமாடியில் விரிசல், மாடிப்படி முழுக்க ஒழுகல். பில்டருக்கு எத்தனை கடிதம் போட்டும் ஆள் வரவில்லை. "உங்களுக்குத்தான் சின்னதைப் பெரிசாக் காட்டத் தெரியுதே, அந்த விரிசலை க்ளோஸப்ல எடுத்துக் குடுங்க. பார்த்தா பயந்துடணும்" என்றார் செயலாளர். குடையை இடுக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். விரிசல் நெடுக வெல்வெட் விரித்த மாதிரி பாசி. அதிலிருந்து முடியளவு மெல்லிய காம்புகள் எழும்பி, ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு வித்துப்பை, ஒவ்வொரு வித்துப்பையிலும் ஒரு துளி. காற்றும் இல்லை, குடையும் சொட்டவில்லை. எடுத்ததை அப்படியே செயலாளருக்கு அனுப்பினேன். அவர் கடுமையான ஒரு கடிதத்தோடு சேர்த்து பில்டருக்கு அனுப்பினார்.

இத்தனை நாள் வாயே திறக்காத பில்டர் அன்றிரவே பதில் போட்டார்: "செம போட்டோ சார். கொடைக்கானலா?"