பொருள்: குடியிருப்போரின் மூச்சுவிடும் பழக்கம்

பெறுநர்: பழுதுபார்ப்புப் பிரிவு, சமூக வீட்டுவசதி நிறுவனங்கள், இங்கிலாந்து.

சுவரில் படரும் கறுப்புப் பூஞ்சைக்குக் குடியிருப்போரே காரணம் என்பது பிரிவின் நெடுநாள் கண்டுபிடிப்பு. அவர்கள் சமைக்கிறார்கள், குளிக்கிறார்கள், வீட்டுக்குள் துணி காயப்போடுகிறார்கள். போதாததற்கு இரவெல்லாம் மூச்சும் விடுகிறார்கள். அத்தனையிலும் நீராவி உண்டு. இதுவரை அறிவியல், பிரிவின் பக்கம்தான். வெளியேற வழியில்லாத ஆவி குளிர்ந்த சுவரில் நீராகப் படிகிறது. பூஞ்சை வித்துகள் எந்தக் காற்றிலும் இருப்பவை. ஈரம் கிடைத்தால் ஓரிரு நாளில் முளைத்து, சுவர்த்தாளின் பசையையும் ஜிப்சம் பலகையின் காகிதத்தையும் தின்று வளரும். வாடகை கேட்கப்படாத ஒரே குடித்தனம் அது. ஆவி வெளியேற வழி அமைப்பது யார் பொறுப்பு என்ற இடம் வந்ததும் கோப்பு மூடப்பட்டுவிடுகிறது.

பிரிவு தரும் மருந்து பெயின்ட். பூசினால் சில வாரம் கண்ணுக்குத் தெரியாது. அடியில் ஈரம் இருக்கும்வரை பூஞ்சை மறுபடி மேலே வரும். அதைச் சுவாசிப்பவர்களுக்கு மூக்கடைப்பு, இருமல், இரைப்பு. ஆஸ்துமா இருந்தால் அது முற்றும். சுவாசக்குழல் குறுகலான சிறு குழந்தைகளுக்கு ஆபத்து கூடுதல். உலக சுகாதார நிறுவனம் இதற்கென 2009இல் தனி வழிகாட்டியே வெளியிட்டது. பிரிவுக்கு அது இன்னும் தபாலில் வந்துகொண்டிருக்கலாம். வாழ்க்கைமுறை என்ற சாக்கைக் கைவிடும்படி 2021இல் வீட்டுவசதிக் குறைதீர்ப்பாளரும் சொல்லிப் பார்த்தார்.

அதற்குள் ராச்டேல் நகரில் ஒரு மரணமே நடந்துவிட்டது. அங்கே ஒரு படுக்கையறை வீட்டில் பூஞ்சை இருப்பதாக 2017இல் ஒரு தகப்பனார் புகார் சொன்னார். அதன்மேல் பெயின்ட் அடிக்கச் சொன்னது வீட்டை வாடகைக்கு விட்ட நிறுவனம். 2020இல் வழக்கறிஞர் மூலம் கேட்டார். வழக்கறிஞர்கள் இசையும்வரை பழுதுபார்ப்பதில்லை என்பது அப்போது அந்த நிறுவனத்தின் விதியாக இருந்தது. அந்த டிசம்பரில் அவர் மகன் அவாப், இரண்டு வயது நிரம்பிய எட்டாம் நாள் இறந்தான். வீட்டுப் பூஞ்சையை நெடுங்காலம் சுவாசித்ததால் வந்த கடும் சுவாச நோயே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். குடும்பத்தின் வாழ்க்கைமுறை பற்றித் தவறாக ஊகித்துவிட்டதாக நிறுவனம் அதன்பிறகு ஒப்புக்கொண்டது.

அவன் பெயரால் வழங்கும் சட்டவிதிகள் 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ உடனடியான பெரிய ஆபத்து என்றால் 24 மணி நேரத்தில் சரிசெய்ய வேண்டும். கடுமையான ஈரமும் பூஞ்சையும் என்றால் 10 வேலைநாட்களுக்குள் ஆய்வு, ஆய்வு முடிந்த 5 வேலைநாட்களுக்குள் ஆபத்து நீக்கம். ஆய்வுக்கான நாட்கள் புகார் தெரியவந்ததிலிருந்து எண்ணப்படும், பெயின்ட் உலர்ந்ததிலிருந்து அல்ல.