வட்டகொடையிலிருந்து சில அடைப்புக்குறிகள்

கே: ஸ்கீமும் லிஸ்ப் வகை நிரல்மொழி, ஈமாக்ஸ் எடிட்டரின் ஈமாக்ஸ் லிஸ்பும் லிஸ்ப். இரண்டிலும் அதே அடைப்புக்குறி. ஒன்றை மற்றதாக மாற்ற ஆட்கள் ஏன் வருஷக்கணக்கில் மெனக்கெடுகிறார்கள்?
— உயர்தர மாணவி, வட்டகொடை

ப: அடைப்புக்குறி ஒன்றாக இருப்பதுதான் தங்கச்சி, ஆபத்தே! பார்த்தால் ஒரே முகம், பழகினால் வேறு குணம்.

கைல் என்று ஒரு ஸ்கீம் இன்டர்ப்ரெட்டர், 1990களில் குனூ திட்டத்தில் பிறந்தது. ஆட்கள் தங்களுக்குப் பிடித்த மொழியில் எழுதட்டும், உள்ளே அதை ஸ்கீமாக மாற்றிக்கொள்வோம் என்பதே அதன் முதல் கனவு. மாற்றவேண்டிய மொழிகளில் ஈமாக்ஸ் லிஸ்புக்குத் தனி இடம். மாற்ற உட்கார்ந்தபோது குறுக்கே படுத்திருந்தது, ஒன்றுமே இல்லாத ஒரு பட்டியல்.

நீங்களே பாருங்கள். 'பை' என்ற பெயரில் வெற்றுப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு,

(எனில் பை "உண்டு" "இல்லை")

என்று கேளுங்கள் ('எனில்' நான் வைத்த பெயர்). ஈமாக்ஸ் லிஸ்ப் "இல்லை" என்னும். ஸ்கீம் "உண்டு" என்று அடித்துச் சொல்லும். முன்னதில் பொய்யும் வெற்றுப் பட்டியலும் 'நில்' என்ற ஒரே பொருள். ஸ்கீமில் அவை இரண்டும் வேறு வேறு. பொய்யைத் தவிர மற்ற எல்லாமே மெய். இப்போது 'நில்'லை எதுவாக மாற்றுவது? பொய்யாக்கினால் பட்டியலில் வேலை செய்யும் நிரல் விழும். பட்டியலாக்கினால் நிபந்தனைகள் எல்லாம் தலைகீழாகும்.

கைல்காரர்கள் செய்ததைப் பார்த்தால் கைதட்டத் தோன்றும். மூன்றாவதாக ஒரு 'நில்'லையே உள்ளே உருவாக்கினார்கள். நிபந்தனையில் வந்தால் அது பொய், "வெற்றுப் பட்டியலா?" என்று கேட்டால் ஆமாம். அதோடு விடவில்லை. கணினிக்குள் பொய்க்கும் நில்லுக்கும் ஒரேயொரு பிட் வித்தியாசம், நில்லுக்கும் வெற்றுப் பட்டியலுக்கும் ஒரேயொரு பிட் வித்தியாசம் என்று எண்களைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினார்கள். அந்த ஒரு பிட்டை மறைத்துவிட்டால் இரண்டு சோதனை ஒன்றாகிவிடும், வேகமும் குறையாது. ஒன்றுமில்லாததற்கு இவ்வளவு மரியாதை செய்தவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கே: அத்தோடு பிரச்சினை தீர்ந்ததா?
— அதே மாணவி

ப: இல்லை, பெயர் பிரச்சினை இருக்கிறது. "துரையிடம் கையெழுத்து வாங்கு" என்று வட்டகொடைத் தோட்டத்தில் ஒரு கடதாசி எழுதுகிறார்கள். அதை ஒருவர் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குக் கொண்டுபோகிறார். எந்தத் துரை? எழுதிய இடத்துத் துரை என்பது ஸ்கீம். கடதாசியை வாசிக்கும் இடத்துத் துரை என்பது பழைய ஈமாக்ஸ் லிஸ்ப். 2012இல் ஈமாக்ஸ் 24 வந்தபோதுதான் முதல் வழியும் அதில் சேர்ந்தது. ஆகவே மாற்றுகிறவர் இரண்டு வழக்கையும் தாங்கவேண்டும். போதாததற்கு ஈமாக்ஸ் லிஸ்பில் ஒரே பெயர் மாறிக்கும் இருக்கலாம், சார்புக்கும் இருக்கலாம். ஸ்கீமில் ஒரு பெயருக்கு ஒரு பொருள்தான்.

கே: இப்போது ஈமாக்ஸ் கைலில்தான் ஓடுகிறதா?
— மென்பொருள் படிக்கும் மாணவர், ஹட்டன்

ப: ஓடவில்லை. 2011இல் வந்த கைல் 2.0 ஈமாக்ஸ் லிஸ்பையும் ஸ்கீமையும் ஒரே இடைவடிவத்துக்கு இறக்கி அங்கிருந்து இயக்கியது. கைலின் மேல் ஓடும் ஈமாக்ஸையும் செய்து காட்டினார்கள். ஆனால் அது மூல ஈமாக்ஸோடு சேரவில்லை. ஈமாக்ஸ் தன் சொந்த இயந்திரத்தையே வைத்துக்கொண்டு 2022இல் 28ஆம் பதிப்பில் நேரடியாக இயந்திர மொழிக்கே தொகுக்கக் கற்றுக்கொண்டது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. அந்த உழைப்பு வீண் என்று மட்டும் சொல்லமாட்டேன். இரண்டு லிஸ்ப் எங்கெங்கே முரண்படும் என்ற தெளிவு அதிலிருந்து கிடைத்தது.

கே: அடைப்புக்குறி எண்ணி எண்ணியே கண் போகிறது!
— நானுஓயா

ப: எண்ணவேண்டாம். எடிட்டர் எண்ணட்டும்.

கே: தமிழிலேயே ஒரு லிஸ்ப் செய்ய முடியுமா?
— தோட்டத்து இளைஞர், வட்டகொடை

ப: செய்துவிட்டார்கள், தம்பி. குளோஜர் என்ற லிஸ்ப் 2007இல் ரிச் ஹிக்கி வெளியிட்டது. அதன் மேல் இளங்கோ சேரன் 'சிஎல்ஜே-தமிழ்' என்ற நூலகத்தை எழுதினார். தமிழ்ச் சொற்களால் நிரல் எழுதலாம். அது குளோஜராக மாறி ஓடும். மொழிக்குள்ளேயே மொழிமாற்றம்!

பெயர் மாற்றினால் போதாதா என்று கேட்பீர்கள். சார்புகளுக்குப் போதும். நிபந்தனைக்குப் போதாது. நாளுக்கான கொழுந்து இலக்கு 18 கிலோ, எட்டினால் முழுப்பேர் (முழுநாள் சம்பளம்), இல்லையேல் அரைப்பேர் என்று வையுங்கள்:

(எனில் (>= கொழுந்து 18) (முழுப்பேர்-போடு) (அரைப்பேர்-போடு))

'எனில்' சாதாரணச் சார்பாக இருந்தால், உள்ளே இருப்பதை எல்லாம் முதலில் செய்துவிட்டுத்தான் அது வேலையைத் தொடங்கும். முழுப்பேரும் விழும், அரைப்பேரும் விழும்! பேர் பதியும் செக்ரோல் நாறிப்போகும். அதனால்தான் மேக்ரோ தேவை. மேக்ரோ நிரலை ஓடவிடாது; நிரலையே ஒரு பட்டியலாக வாங்கி, முதற்சொல்லை மாற்றி, குளோஜரின் கையில் கொடுக்கும். லிஸ்பில் நிரலே பட்டியல் என்பதால்தான் இது இத்தனை எளிது. இதற்கு மாறாக, முத்து அண்ணாமலையின் 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழி பைதானில் எழுதப்பட்டது. அங்கே மொழியின் இலக்கணம் முழுவதையும் தனியாக அலசவேண்டும்.

கே: உயர்தரப் பரீட்சைக்கு வருவது பைதான். பிள்ளைகளுக்கு லிஸ்ப் எதற்கு?
— தகவல் தொழில்நுட்ப ஆசிரியர், வட்டகொடை

ப: அந்தப் பைதானே போதும் சேர். பீட்டர் நோர்விக் நூறு வரி அளவிலேயே பைதானில் ஒரு ஸ்கீம் இன்டர்ப்ரெட்டர் எழுதி, படிப்படியாக விளக்கி இலவசமாகத் தந்திருக்கிறார். பழைய கணினியிலும் ஓடும். அதில் நிபந்தனையைக் கவனிக்கும் வரியைத் தேடிப் பிடித்து, அசல் ஸ்கீம் போல வெற்றுப் பட்டியலையும் மெய்யாக எடுக்கும்படி மாற்றச் சொல்லுங்கள். அதே இடத்தில் 'எனில்' என்ற சொல்லும் செல்லும்படி செய்யச் சொல்லுங்கள். ஒரு லிஸ்பை இன்னொரு லிஸ்பாக மாற்றும் வேலையை உங்கள் பிள்ளைகள் அன்றைக்கே தொடங்கியிருப்பார்கள். அடுத்த விடுமுறைக்குள் ஒரு வகுப்பாவது இதைச் செய்து பார்க்கட்டும் சேர். எந்த இடத்தில் சிக்கியது என்று எழுதுங்கள், இந்தப் பகுதியிலேயே பதில் எழுதுகிறேன்.