எட்டாம் டான் மாஸ்டர்

செங்கம் சாலையில் அக்னி லிங்கத்தைத் தாண்டினால் சேஷாத்ரி சுவாமிகள் ஆசிரமம், அதையடுத்து ரமணாசிரமம், இன்னும் கொஞ்சம் நடந்தால் யம லிங்கம். இந்தத் துண்டுச் சாலையில் கால் தடுக்கி விழுகிறவர், ஏதாவது ஒன்றைக் கற்றுத் தருகிறவர் மேல்தான் விழவேண்டும். யோகா, ரெய்கி, மூச்சுப் பயிற்சி எல்லாம் உண்டு. சும்மா இருப்பதற்குக்கூட வகுப்பு உண்டு. இத்தனை பேரிலும் கற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியாகப் பெல்ட் கட்டிவிடுகிறவர் ஒருவர்தான். நம் கராத்தே மாஸ்டர்.

டீக்கடையில் நின்றாலும் அவரைக் கண்டுபிடித்துவிடலாம். கைகள் உடம்போடு ஒட்டாது. டம்ளரை வாங்கும்போதுகூட இடது கை இடுப்பில் முஷ்டியாக இருக்கும். வகுப்பு நேரத்தில் வெள்ளை டிரஸ். அதன்மேல் கறுப்பு பெல்ட், அதில் தங்க நூலில் பெயர். விசிட்டிங் கார்டில் பெயருக்கு முன்னால் சென்சாய், ரென்ஷி, ஷிஹான் என்று ஒரு ஊர்வலமே போகும். பெயருக்குப் பின்னால் ‘8ஆம் டான்’. ஷோடோகான் கராத்தேயை உருவாக்கிய ஃபுனகோஷி தம் வாழ்நாளில் யாருக்கும் 5ஆம் டானுக்கு மேல் கொடுத்ததில்லை என்பார்கள். அதை மாஸ்டரிடம் சொல்லிப் பார்த்தேன். “அவரு காலத்துல அவ்ளோதான் சார் இருந்துச்சு” என்றார்.

வகுப்பு நடப்பது ஒரு மொட்டை மாடியில், மாலை ஐந்தரைக்கு. ஐம்பது பிள்ளைகள் ஒரே குரலில் அடிவயிற்றிலிருந்து கத்த, ஆசிரமத்து மயில்கள் பதிலுக்கு அகவும். இரண்டில் எது உரக்க என்று தீர்ப்பது கஷ்டம். குரங்குகள் கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து பார்க்கும். போன வருஷம் ஒரு குரங்கு, கொடியில் காய்ந்த பச்சை பெல்ட்டைத் தூக்கிக்கொண்டு புளியமரத்தில் ஏறிவிட்டது. எந்தப் பரீட்சையும் எழுதாமல் நேரடியாகப் பச்சை வாங்கியது அது ஒன்றுதான்.

மற்றவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ‘கிரேடிங்’. பௌர்ணமி வருகிற ஞாயிறு மட்டும் ஆகாது. கிரிவலக் கூட்டத்தில் அப்பாக்களின் பைக் நுழையாது. வரிசை இப்படி: வெள்ளையில் ஆரம்பித்து மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம், ஊதா, பழுப்பு, கடைசியில் கறுப்பு. ஜப்பான் கணக்கில் மாணவர் படிகளான ‘கியூ’ 10, 9, 8 என்று இறங்கி 1க்கு வரும். கறுப்பில் ‘டான்’ ஆரம்பித்ததும் 1, 2, 3 என்று ஏறும். புதிதாகச் சேர்த்த அம்மா ஒருவர், “பத்தாவதுல இருந்தான், மூணு மாசத்துல ஒம்பதுக்கு எறங்கிட்டானே மாஸ்டர்” என்று கண்கலங்க, அவரைத் தேற்றவே ஒரு வகுப்பு போய்விட்டது.

முறையாகப் பார்த்தால் பரீட்சையில் மூன்று பகுதி. கிஹோன் என்பது குத்து, தடுப்பு, உதை ஆகிய அடிப்படைகள். கட்டா என்பது கண்ணுக்குத் தெரியாத எதிரிகளோடு வரிசை மாறாமல் போடும் சண்டை. குமித்தே, கண்ணுக்குத் தெரிகிற எதிரியோடு. தொடக்கநிலை கட்டாவான ஹெயான் ஷோதானில் 21 அசைவுகள். ஆரம்பித்த இடத்திலேயே வந்து முடிக்கவேண்டும். போன கிரேடிங்கில் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் 17இல் மறந்துபோய், தண்ணீர்த் தொட்டி ஓரமாக மலையைப் பார்த்து நின்றுவிட்டான். “அருணாசலத்தைப் பாத்து முடிச்சிருக்கான், நல்ல சகுனம், பாஸ்” என்றார் மாஸ்டர். ஓடு உடைக்கிற பகுதிக்கு மட்டும் கண்டிப்பு அதிகம். ஓட்டை முந்தின நாளே வெயிலில் காயவைத்துவிடுவார்.

ஃபீஸ் விவரம்: பரீட்சைக்குத் தனி, பெல்ட்டுக்குத் தனி, சான்றிதழுக்குத் தனி, லேமினேஷனுக்குத் தனி. மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே ‘மஞ்சளில் கோடு’ என்று ஒரு படி புதிதாக முளைத்திருக்கிறது. டேக்வாண்டோவின் தலைமையகமான சியோல் குக்கிவோனில் 15 வயது நிரம்பாத பிள்ளைக்கு டான் கிடையாது. ‘பூம்’ என்று பாதி சிவப்பு, பாதி கறுப்பாக ஒரு பெல்ட்தான். சின்னப் பிள்ளைக்குக் கறுப்பு கொடுக்காதீர்கள் என்று நாசூக்காக உணர்த்தத்தான் மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். அவர் கண்கள் மின்னின. “பாதிப் பாதியா? அதுக்கு ஒரு டெஸ்ட் வெக்கலாமே சார்!”

மேடை கிடைத்தால் மாஸ்டர் போதிதர்மரில் ஆரம்பிப்பார். “கராத்தே நம்மளுது. காஞ்சிபுரத்துலேர்ந்து போனது.” 2011இல் ‘7ஆம் அறிவு’ படம் வந்த பிறகு இதை மறுத்துப் பேச ஊரில் ஆள் இல்லை. போதிதர்மரையும் சாவோலின் பயிற்சியையும் முடிச்சுப் போடும் கதை, அவருக்கு ஆயிரம் வருஷம் கழித்து 1624 என்று தேதியிட்ட ஒரு சீன நூலில்தான் தலைகாட்டுகிறது என்பதெல்லாம் ஃபிளெக்ஸ் பேனரில் அடங்காத சங்கதி. டான் என்பதே ‘கோ’ என்னும் பலகை ஆட்டத்திலிருந்து வந்த பழக்கம். 1883இல் ஜூடோவுக்கு அதைக் கொண்டுவந்தவர் கானோ ஜிகோரோ. 1924இல்தான் ஃபுனகோஷி ஏழு பேருக்குக் கராத்தேயில் முதல் டான் கொடுத்தார். கலர் பெல்ட்டுகளைப் பரப்பியது ஜப்பான்கூட அல்ல. 1930களில் பாரிஸில் ஜூடோ சொல்லிக்கொடுத்த கவாய்ஷி. நிறத்தைக் காட்டினால்தான் மாணவர்கள் நிலைத்து நிற்பார்கள் என்பது செங்கம் சாலைக்கு முன்பே பாரிஸுக்குத் தெரிந்திருக்கிறது.

சிலம்பத்துக்கு இந்த வம்பு இருந்ததில்லை. பழைய ஆசானிடம் குருவணக்கம், சுவடு, வீச்சு என்று வருஷக் கணக்கில் போகும். ஒரு நாள் அவர் தலையசைப்பார், அதுதான் சான்றிதழ். அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் சேர்த்தார்களோ இல்லையோ, மாஸ்டரின் பேனரில் இரவோடு இரவாகக் கம்பு ஏறியது. ஒதுக்கீட்டில் எடுபடுவது அங்கீகாரம் பெற்ற போட்டிகளில் வாங்கிய பதக்கம். மொட்டை மாடியில் வாங்கிய பெல்ட்டை அங்கே யாரும் கேட்பதில்லை. இதை மாஸ்டர் மறைப்பதில்லை. யாராவது கேட்டால் சொல்வார். யாரும் கேட்பதில்லை.

ரமணர் யாருக்கும் சடங்காகத் தீட்சை கொடுத்ததில்லை, 1950இல் மறையும்போது ஞான வாரிசு என்று எவரையும் காட்டிவிட்டுப் போகவும் இல்லை என்று ஒருமுறை பேச்சு வந்தது. மாஸ்டர் ஆசிரமப் பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தார். “தப்பா நெனைக்காதீங்க சார், அதனாலதான் இந்த ரோட்ல யாரு எந்த லெவல்னே தெரியல. இருபது வருஷமா தியானம் பண்றவரும் வெள்ளை வேட்டி, நேத்து பஸ்ஸுல வந்து எறங்கினவரும் வெள்ளை வேட்டி. கலர் வேணும் சார்.”

இவரை வெறும் வியாபாரி என்று தள்ளிவிடவும் முடியவில்லை. பூக்கட்டி விற்கிற அம்மா ஒருவரின் மகள் அங்கே கற்றுக்கொள்கிறாள். பைசா வாங்குவதில்லை. ஆனால் பரீட்சையில் ஃபெயிலானது அவள் மட்டும்தான், அதுவும் இரண்டு தடவை. இது என்ன நியாயம் என்று கேட்டேன். “மத்தவங்களை நிறுத்தினா அப்பா வந்து சண்டைக்கு நிப்பாரு. இந்தப் பொண்ணோட அம்மா ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அதோட...” குரலைத் தாழ்த்தினார். “இவளுக்கு நெஜமாவே வரும் சார். இடுப்பு இன்னும் திரும்பணும்.” எட்டு டானில் எத்தனை நிஜம் என்று எனக்கிருந்த சந்தேகம் அன்று கொஞ்சம் குறைந்தது.

மார்கழியில் பிரான்ஸ்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். காவி ஜிப்பா, கழுத்தில் ருத்திராட்சம். அவர் ஊரில் ஒன்பது வருஷம் பயின்று பழுப்பு பெல்ட் வரை வந்தவராம். மாடியில் ஏழு வயதுப் பழுப்புகள் நான்கைப் பார்த்துத் திகைத்து, இது முறையா என்று கேட்டேவிட்டார். வேறு யாராக இருந்தாலும் வாக்குவாதம் வந்திருக்கும். மாஸ்டர் அவருக்கு நாற்காலி போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்து, மறுநாளே பேனர் கட்டினார்: ‘பிரான்ஸ் நாட்டு சர்வதேசத் தேர்வாளர் முன்னிலையில் மாபெரும் கிரேடிங்.’

மனிதர் கடமையைச் சிரத்தையாகச் செய்தார். பிரான்ஸ் பள்ளிக்கூட வழக்கப்படி 20க்கு மார்க் போட்டார். அங்கே 12 என்றால் பரவாயில்லை, நன்றாகவே செய்திருக்கிறாய் என்று அர்த்தம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மனசார 12 போட்டார். பூக்காரம்மா மகளுக்கு மட்டும் 15. தாள்களைப் பார்த்த மாஸ்டருக்கு வியர்த்தது. கால்குலேட்டரோடு மூலையில் உட்கார்ந்தார். ஐந்தால் பெருக்கினால் 60. பெற்றோர் மாடியைவிட்டு இறங்கமாட்டார்கள். எட்டால் பெருக்கினார், 96 வந்தது. 15ஐ எட்டால் பெருக்கினால் 120 ஆகித் தொலைக்கும் என்பதால், அவளுக்கு மட்டும் நியாயமாக ஐந்தால் பெருக்கி 75 என்று எழுதினார்.

சான்றிதழ் வாங்கிக்கொண்டு படியிறங்கிய அப்பா ஒருவர், பாதியில் நின்று திரும்ப மேலே வந்தார்.

“மாஸ்டர், மீதி நாலு மார்க்கு எங்க போச்சு?”