ஓட்டையை எண்ணுலே பேராண்டி

மூணு மானிட்டர் வைக்கப் போறியாம்லே, கேள்விப்பட்டேன். ஒண்ணுல எக்ஸெல், ஒண்ணுல மெயில், மூணாவது 'ரெஃபரன்ஸு'க்குன்னு ஒங்கம்மைகிட்டச் சொல்லியிருக்க. அந்த ரெஃபரன்ஸுல எந்த ஊர்ல டாஸ் போடுதான்னு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போகட்டும், வீட்டுல இருந்து வேலை பாக்குத பிள்ளை.

ஆனா அதுக்கு ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கியாமே, அங்கதான் எனக்கு இருமல் வருது. அது 450 வாட் குடிக்கும்லே. குடிச்சிட்டு எத்தனை திரைக்குப் படம் காட்டும்? நாலு. அதே என்விடியாக்காரன் டி1000-னு ஒரு ஒல்லிக் கார்டு போட்டிருக்கான். 50 வாட்தான், தனியா பவர் வயர்கூடச் சொருக வேண்டாம். அது எத்தனைக்குக் காட்டும்? அதுவும் நாலுதான்! இன்னும் பொடிசு டி400. 30 வாட், மூணு திரை. கேம் விளையாடத்தான் கேக்கன்னா வாயைத் தொறந்து சொல்லு, தாத்தா கோவிச்சுக்க மாட்டேன். எக்ஸெல்லுல கட்டம் போடுததுக்குன்னு மட்டும் சொல்லாத.

கடைக்காரத் தம்பி மொதக் கேள்வியே எத்தனை ஜிபின்னுதான் கேப்பான். நீயும் மீசையை முறுக்கிக்கிட்டு '24'ம்பே. கணக்குப் போடு. 4கே திரையில 3840-க்கு 2160 புள்ளி, சுமாரா 83 லட்சம். புள்ளிக்கு நாலு பைட்டுன்னா ஒரு படத்துக்கு 33 எம்பி; மூணு திரைக்கும் சேத்து 100 எம்பி. நீ தொறந்து போடுத ஜன்னலுக்கெல்லாம் சேத்தாலும் 4 ஜிபி தாராளம். மிச்ச எடத்துல என்ன செய்வே, நெல்லு காயப்போடுவியா?

ஜிபியை விட்டுட்டு கார்டோட முதுகைத் திருப்பி ஓட்டையை எண்ணு. நான் சொன்ன ரெண்டு பொடிசுலயும் இருக்கது மினி டிஸ்ப்ளேபோர்ட்டு. ஒன் மானிட்டர்ல ஹெச்டிஎம்ஐ மட்டும்னா கன்வெர்ட்டர் வேணும், பில் போடுததுக்கு முன்னாடியே கேட்டு வாங்கு. பழைய ஹெச்டிஎம்ஐ 1.4 கார்டை எவனாவது தள்ளிவிடப் பாப்பான். அதுல 4கே படம் நொடிக்கு 30 தடவைதான் மாறும், மவுஸ் நொண்டும். ஸ்ப்ளிட்டர் வாங்கிச் சமாளிக்கலாம்னு நெனைக்காத. சாதா ஸ்ப்ளிட்டர் ஒரே படத்தைத்தான் ரெண்டு பக்கமும் காட்டும். கிரிக்கெட்டு ரெண்டாத் தெரியும், அவ்வளவுதான்.

இவ்வளவும் சொல்லிட்டு ஒண்ணு கேக்கேன். ஒன் பொட்டிக்குப் பின்னால என்னைக்காவது குனிஞ்சு பாத்தியா? இன்டெல் சிப்பு 2012-ல வந்த மூணாம் தலைமுறையில இருந்தே, கார்டு இல்லாமலே மூணு திரைக்குக் காட்டும். பேருக்குப் பின்னால எஃப்-னு எழுத்து இருந்தா மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. போர்டுல ரெண்டு ஓட்டைதான் இருக்குன்னா, மூணாவதுக்கு மட்டும் ஒரு சின்னக் கார்டு போதும். கார்டைச் சொருகினதும் போர்டு ஓட்டை செத்தமாதிரி கெடக்கும், பதறாத. பயாஸுக்குள்ள போயி மல்டி மானிட்டர்ங்கிறதைத் தட்டிவிட்டா நெறைய போர்டுல முழிச்சுக்கும்.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு டேப்பும் எடுத்துக்கோ. 27 இஞ்சு மானிட்டர் ஒண்ணு ரெண்டடி அகலம், மூணுக்கு ஆறடி. ஒன் மேசை நாலடிதாம்லே.